குற்றியளவு துளைக்குச் சோசரளவு ஒட்டு: கிண்ணியாவில் ஒரு ஃபைபர் படகுப் பட்டறை

திருகோணமலையில், திருக்கடலூர்க் கரையில் நிற்கும் எங்கள் 18 அடி ஃபைபர் படகு என் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறவர் என் தங்கையின் கணவர். படகுக்கு ஏதும் நேர்ந்தால் செலவு என்னுடையது, தொழில் கெடும் நாள்கள் அவருடையவை என்பது எங்கள் வீட்டில் யாரும் எழுதிவைக்காத உடன்படிக்கை. இந்த ஆண்டு வாடை ஓய்ந்து கடல் அடங்கிய பங்குனியிலேயே அந்த உடன்படிக்கை என் பணப்பையைத் திறக்கவைத்தது. மணலில் புதைந்து தலை மட்டும் வெளியே தெரிந்த ஒரு பழைய இரும்புக் கம்பி, படகைக் கரையேற்றும்போது அடித்தளத்தில் குத்தி, ஐந்து ரூபாய்க் குற்றி நுழையும் அளவுக்கு ஒரு துளையைப் போட்டது. சித்திரை முடிவதற்குள், பக்கத்தில் கட்டியிருந்த படகின் நங்கூரக் கூர், அலை தூக்கியடித்ததில், எங்கள் படகின் முன்பகுதியான அணியத்தின் வலப்புறத்தில் இன்னொரு துளையைப் போட்டது. இறுதியில் இரண்டையும் கிண்ணியாவிலுள்ள ஒரு சிறிய பட்டறையில் அடைப்பித்தோம். அந்த வேலையைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளரே கேட்டுக்கொண்டார். தாமும் இரண்டு உதவியாளரும் மட்டுமே வேலை செய்வதாகவும், பருவகாலத்தில் தாமாக வந்து சேரும் படகுகளையே உரிய நாளில் முடிக்க இயலவில்லை என்றும் அவர் சொன்ன காரணம் நியாயமாகவே பட்டது. அவரைத் தேடிப் பிடிக்காவிட்டாலும் குற்றமில்லை. அவரிடம் நான் கண்ட வேலைமுறையை வாசகர் தம் ஊர்ப் பட்டறையிலும் கேட்டுப் பெறலாம்.

முதல் துளையை நாங்கள் நேரே கிண்ணியாவுக்குக் கொண்டுபோகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டினத்தில், வாகனங்களுக்குத் தகரவேலையும் வர்ணவேலையும் பார்க்கும் ஓர் இடத்தில், அரை நாளில், 4,000 ரூபாவுக்கு அதை அடைத்துக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் துளை இருந்த இடமே தெரியாதபடி அவ்வளவு வழவழப்பாக இருந்தது. நானும் மகிழ்ந்து, கேட்டதற்கு மேலாக 500 ரூபா கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம், அதிகாலையில் வலை இழுத்துக்கொண்டிருந்த மைத்துனர், பாதத்தை நனைக்கும் தண்ணீரைக் கண்டு, துணி சுற்றிய மரக்கட்டையைத் துளைக்குள் அடித்து இறுக்கிக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தார். உள்ளே வைக்கப்பட்டிருந்தது வாகனப் பட்டி. ரெசின் என்னும் இறுகும் பசையோடு டல்க் தூளைச் சேர்த்துக் குழைத்த அந்தக் களியில் இழை என்பதே இல்லை. காரின் கதவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப அது போதும். நீருக்குள் கிடந்து, எஞ்சினின் அதிர்வையும் அலையின் அடியையும் நாள் முழுவதும் வாங்கும் படகின் அடித்தளத்தில் அது நீரை மெல்ல மெல்ல உறிஞ்சி, விளிம்பில் விட்டுக்கொடுத்து, ஒரு நாள் முழுக்குற்றியாகக் கழன்று விழும். எங்களுடையது அப்படியே விழுந்தது.

நங்கூரக் கூர் இரண்டாவது துளையைப் போட்ட பிறகு, படகைச் சிறிய லொறியொன்றில் ஏற்றி, கிண்ணியாப் பாலத்தைக் கடந்து கொண்டுபோனோம். 2009 இல் அந்தப் பாலம் திறக்கப்படுவதற்கு முன் இதே படகை மிதவைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்திருக்க வேண்டும் என்று லொறிச் சாரதி வழி முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தார்.

பட்டறைக்காரர் நடுவயதைத் தாண்டியவர். நாங்கள் நானா என்றே அழைத்தோம். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கரையெங்கும் ஃபைபர் படகுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்ட காலத்தில், அப்படிப்பட்ட ஒரு தளத்தில் இந்த வேலையைப் பழகியதாகச் சொன்னார். படகைக் கவிழ்த்து டயர்களின் மேல் வைத்ததும் அவர் முதலில் எடுத்தது கிரைண்டரை அன்று. சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்க் குற்றியை. அதன் விளிம்பால் துளையைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று கேட்டது. துளையை நெருங்க நெருங்க அது மங்கி, காய்ந்த மட்டையைத் தட்டுவது போல ஆனது. ஓசை மாறும் புள்ளிகளையெல்லாம் பென்சிலால் குறித்து இணைத்தபோது, என் ஐந்து ரூபாய்க் குற்றித் துளையைச் சுற்றி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு கோணல் வட்டம் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் இருக்கும் கண்ணாடியிழை அடுக்குகள் குத்தின் அதிர்ச்சியில் ஒன்றையொன்று விட்டுவிட்டன என்றும், அவ்வளவையும் வெட்டி எறிய வேண்டும் என்றும் சொன்னார். "ஐயா, ஓட்டையைப் பெரிசாக்காமல் அடைக்க ஏலாது" என்பது அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம். கூலியை உயர்த்துவதற்கான பேச்சு என்றே அப்போது நினைத்தேன். மைத்துனரின் முகத்திலும் அதே எண்ணம் தெரிந்தது.

ஆனால் அன்று அவர் எதையும் வெட்டவில்லை. நன்னீரால் இரண்டு தடவை கழுவி, உப்பைப் போக்கி, வெயிலில் விட்டார். இரண்டாம் நாள் மாலை, துளையை அடுத்த பகுதியில் ஒரு பொலித்தீன் துண்டைச் சுற்றிவர ஒட்டுநாடாவால் இறுக்கி ஒட்டி, விடியும்வரை விட்டுவைத்தார். காலையில் பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்திருந்தது; ஆகவே மேலும் ஒரு நாள். தொழில் கெடுகிறதே என்று மைத்துனர் முணுமுணுத்தார். ஈரமும் உப்பும் உள்ளே இருக்க, மேலே ரெசினைப் பூசினால் அது இறுகுமே தவிரப் பழைய சுவரைப் பற்றாது. பட்டினத்தில் அரை நாளில் முடித்துக் கொடுத்தவர்கள் இந்த மூன்று நாளையும் முழுதாக விழுங்கியிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உரசல் வேலைதான் இந்தப் பட்டறையின் உயிர் என்று சொல்லுவேன். இறுகிப்போன பழைய ரெசினோடு புதிய பொலியெஸ்டர் ரெசின் இரசாயன முறையில் ஒன்றாகிவிடாது. உரசிக் கரடாக்கிய பரப்பைப் பல்லாகப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அந்தப் பிடிக்கு வேண்டியது பரப்பளவு. எனவே துளையின் விளிம்பிலிருந்து வெளிநோக்கி, தடிப்பு படிப்படியாகக் குறையும் ஒரு சரிவை வெட்டுகிறார்கள்; தடிப்புக்குப் பன்னிரண்டு மடங்கு அகலம் என்பது படகுத் தொழிலில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. எங்கள் படகின் அடித்தளம் அந்த இடத்தில் 5 மில்லிமீற்றர் இருந்ததால், 4 சென்ரிமீற்றர் துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 சென்ரிமீற்றர் சரிவு. மொத்த விட்டம் 16 சென்ரிமீற்றர். குற்றியளவு துளைக்குச் சோசரளவு ஒட்டு வந்த கணக்கு இதுதான். 40 ஆம் இலக்க அரத்தாள் வட்டை கிரைண்டரில் மாட்டி, அவர் அந்தச் சரிவை உரசி முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இழை அடுக்குகள் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன.

அடித்தளத் துளைக்கு உள்ளேயிருந்தும் கை எட்டும் என்பதால், சரிவை உட்பக்கத்தில் வெட்டி, வெளிப்பக்கத்தைத் தொடாமல் விட்டார். வெளியே, மெழுகு பூசிய வழவழப்பான பலகையொன்றைத் துளைக்குக் குறுக்கே வைத்து இறுக்கி, உள்ளிருந்து முதலில் படகின் நிறமுள்ள மேற்பூச்சான ஜெல்கோட்டைப் பூசி, அது விரலில் ஒட்டியும் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் அடுக்கு வேலையைத் தொடங்கினார். பட்டறையில் மெட் என்று சொல்லப்படும் கண்ணாடியிழைப் பாய், சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ளது. ரெசின் ஊறி இறுகினால் ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புத் தரும். ஐந்து வட்டங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வெட்டி வைத்திருந்தார். பெரிய வட்டத்தையே முதலில் இட்டார். சின்னதை முதலில் வைத்துக் குழியை நிரப்பிக்கொண்டு வருவதே முறை என்று நினைத்திருந்த நான் காரணம் கேட்டேன். பெரிய வட்டம் உரசிய பரப்பு முழுவதையும் ஒரே துண்டாகப் பற்றிக்கொள்ளும் என்றும், பின்னர் மட்டப்படுத்தி உரசும்போது மேலேயுள்ள சிறிய வட்டங்களே வெட்டுப்படும் என்றும் விளக்கினார். இதற்கு மாறாகச் செய்கிறவர்களும் நல்ல வேலைக்காரர்களே என்று அவரே சொன்னதை நான் மெச்சினேன்.

ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கலந்த விதத்தையும் குறிப்பிட வேண்டும். அரைக் கிலோ ரெசினுக்கு ஊசிக்குழலால் அளந்த 5 மில்லிலீற்றர். ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. கச்சான் காற்று தொடங்காத மாதமாயினும் திருகோணமலை வெயிலில் இதற்குமேல் கூடினால், மூன்றாவது அடுக்கை இடுவதற்குள் கிண்ணத்திலேயே ரெசின் களியாகிவிடும். ஆழமான கிண்ணத்தில் மொத்தமாக விட்டால் சூடேறிப் புகையும். அதனால் சிறிது சிறிதாகவே கலந்தார். மூன்று அடுக்கை இட்டு, இரும்பு ரோலரால் காற்றுக்குமிழ்களை விளிம்பு நோக்கி உருட்டி வெளியேற்றி, சூடு தணியும்வரை நிறுத்தி, அதன்பிறகே மீதி இரண்டையும் இட்டார். ரெசினைத் தாராளமாக ஊற்றினால் பலம் கூடும் என்பது நம்மவர் பலரின் நம்பிக்கை. பலம் இழையில் இருக்கிறது, ரெசின் அதைக் கட்டிப்பிடிக்கும் பசை மட்டுமே. பாயின் நிறைக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும்; அதற்கு மேல் போனால் ஒட்டு நொறுங்குந்தன்மை பெறும்.

இரண்டாவது துளையில்தான் அவருடைய கைத்திறன் முழுதாக வெளிப்பட்டது. அது அணியத்திலுள்ள மிதவைப் பெட்டியின் வெளிச்சுவர். பெட்டி நான்கு பக்கமும் ஃபைபரால் மூடப்பட்டிருப்பதால் உள்ளேயிருந்து கை நுழைய வழியில்லை. பின்னால் தாங்குவதற்கு எதுவுமில்லாமல், ஈரப் பாயை வெற்றுத் துளையின் மேல் எப்படி நிறுத்துவது? ஒரு பழைய கண்ணாடித் தகட்டில் மெழுகு பூசி, அதன்மேல் ஒற்றை அடுக்கில் மெல்லிய ஃபைபர் தகடொன்றை முந்தின நாளே வார்த்து வைத்திருந்தார். அதை முட்டை வடிவில் வெட்டி, நடுவே இரண்டு பொட்டுத் துளையிட்டு மெல்லிய கம்பியைக் கோத்து, விளிம்பில் இழைத்தூள் கலந்த ரெசின் களியைப் பூசி, நீளவாக்கில் சரித்து உள்ளே நுழைத்தார். உள்ளே போனதும் திருப்பி, கம்பியை இழுத்து, வெளியே ஒரு குறுக்குத் தடியில் முறுக்கிக் கட்டினார். மறுநாள் கம்பியை வெட்டியபோது துளைக்கு உறுதியான முதுகு கிடைத்திருந்தது. சட்டைப்பொத்தானை உட்பக்கத்திலிருந்து தைப்பது போன்ற அந்த வேலையைப் பார்க்க மட்டுமே இன்னொரு தடவை லொறிக்கூலி கொடுக்கலாம்.

அதற்கு முன்பே அவர் செய்த ஒரு சிறு சோதனை எங்களுக்குப் பெரிய செலவைத் தவிர்த்தது. பெட்டிக்குள் அடைத்திருந்த நுரைப்பொருளில் ஒரு சிட்டிகையைக் கிள்ளியெடுத்து அதன்மேல் ஒரு சொட்டு ரெசினை விட்டார். அது உருகிக் குழிந்தது. ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்னும் திரவம் அந்த நுரைப்பொருளான ரெஜிபோமைக் கரைத்துவிடும் என்பதை அப்போது கண்ணால் கண்டேன். பார்க்காமல் ரெசினை ஊற்றியிருந்தால், படகு கவிழ்ந்தாலும் மிதக்கவைக்க வேண்டிய பெட்டி உள்ளேயே வெறுமையாகியிருக்கும். துளைக்கு அண்மையிலிருந்த ரெஜிபோமை விரலளவு தோண்டியெடுத்து, எஞ்சியதற்கு முன்னால் பொலித்தீனைச் செருகிய பிறகே தகட்டை நுழைத்தார்.

எப்பொக்சி என்னும் வேறு வகை ரெசினைப் பாவித்தால் இன்னும் உறுதியாக இருக்காதா என்று கேட்டேன். பழைய ஃபைபரைப் பற்றிப் பிடிப்பதில் எப்பொக்சி மேல் என்பதை அவர் மறுக்கவில்லை. விலை பல மடங்கு. இந்தப் பாயின் இழைகளைப் பிணைத்திருக்கும் பொருள் கரைவதற்கு ஸ்டைரீன் வேண்டும், எப்பொக்சியில் அது இல்லை. எப்பொக்சியின் மேல் சாதாரண ஜெல்கோட் நம்பகமாக இறுகாது. முழுப் படகும் பொலியெஸ்டரால் ஆனது, உரசலுக்கும் இடமுண்டு என்னும்போது பொலியெஸ்டரே போதும் என்பது அவருடைய முடிவு. நான்கு மாதக் கடலோட்டத்துக்குப் பின் எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை.

குறைகளும் உண்டு. ஐந்து நாள் என்று சொன்ன வேலை ஒன்பது நாள் எடுத்தது. உலர்த்தலுக்கும், ஒட்டிய பின் நீரில் இறக்காமல் வைத்திருந்த மூன்று நாளுக்கும் நான் குறை சொல்லமாட்டேன். இடையில் இன்னொருவருடைய படகு வந்து எங்களுடையதைத் தள்ளிவிட்டு ஏறிக்கொண்ட இரண்டு நாளே குறை. பருவகாலத்தில் ஒரு நாளின் பெறுமதி என்ன என்பது அவருக்குத் தெரியாததன்று.

நிறப் பொருத்தம் சரியில்லை. அடித்தளத்தில் வெளியே தெரிவது 4 சென்ரிமீற்றர் அடையாளம் மட்டுமே என்பதால் அது பொருட்டன்று. அணியத்தில், வெளியிலிருந்து செய்த சோசரளவு ஒட்டு, வெயிலில் வெளிறிய எங்கள் நீலத்தின் நடுவே புதுச்சட்டைத் துண்டைப் போலத் தனித்துத் தெரிகிறது. பழைய ஜெல்கோட்டின் நிறத்தை அச்சாகப் பிடிப்பது எவருக்கும் கடினம் என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒட்டு பதிவு இலக்கத்தின் கடைசி எண்ணை முழுதாக மறைத்ததைக் கவனிக்காமலே படகை ஒப்படைத்ததை ஏற்க முடியவில்லை. கடலில் கடற்படையினர் மறித்தால் முதலில் பார்ப்பது அந்த இலக்கத்தையே. எண் குறைந்த படகோடு நிற்பவர் பட்டறைக்காரராக இருக்கப்போவதில்லை. கரையில் வைத்து நானே தூரிகையால் எழுதினேன், எழுத்து கோணல்.

மூன்றாவது குறை பாரதூரமானது. உரசும்போது அவர் முகக்கவசம் அணிந்திருந்தார்; உதவியாளரான இளைஞர்கள் தோளில் கிடந்த துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு நின்றார்கள். கண்ணாடியிழைத் தூசு தோலில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும், நுரையீரலுக்குப் போனால் அதைவிட மோசம். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். அவர்களில் எவரும் கண்காப்புக் கண்ணாடி அணிந்திருக்கவில்லை. வேகமூட்டியான கோபாற்றுக் கரைசலையும் ஹார்ட்னரையும் ஒரே தட்டில் அருகருகே வைத்திருந்ததையும் கண்டேன். அவை இரண்டும் ரெசின் இல்லாமல் நேரடியாகக் கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். அவர் வாங்கும் ரெசினில் கோபாற்று முன்கூட்டியே கலந்திருப்பதால் அந்தப் போத்தல் அங்கே தேவையே இல்லை என்று நான் சொன்னபோது, நானா சிரித்துவிட்டு அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். அடுத்த நாள் அது மறுபடியும் தட்டில் இருந்தது.

இரண்டு துளைக்குமாகப் பொருளும் கூலியும் சேர்த்து 19,500 ரூபா. லொறிக்குப் போகவர 7,000 ரூபா. கணக்கை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார், பற்றுச்சீட்டு தரவில்லை. கரையில் சிலர் இது அதிகம் என்கிறார்கள். வழவழப்பை மட்டும் விலை கொடுத்து வாங்கிய முதல் 4,500 ரூபாவையும், அதற்குப் பின் கெட்ட தொழில்நாள்களையும் கூட்டிப் பார்த்தவன் என்ற முறையில் நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆவணி பிறந்த பிறகு படகைக் கரையேற்றி, அவரைப் போலவே ஒரு குற்றியால் இரண்டு ஒட்டையும் தட்டிப் பார்த்தேன். நடுவிலும் விளிம்பிலும் ஒரே கணீர் ஓசை. உட்பக்கத்தில் கசிவின் உப்புக்கோடு எதுவுமில்லை.

எல்லா அடிக்கும் இந்தப் பட்டறைக்கு ஓட வேண்டியதில்லை. இழை வெளியே தெரியாத மேற்கீறலாக இருந்தால், கழுவி உலர்த்தி, அரத்தாளால் உரசி, அசிற்றோனால் துடைத்து, சிறிது ஜெல்கோட்டைப் பூசி, காற்றுப்பட்டால் மேற்பரப்பு பிசுபிசுத்தபடியே நிற்கும் என்பதால் மேலே பொலித்தீனை ஒட்டி இறுகவிட்டு, எவரும் தாமே முடித்துக்கொள்ளலாம். நீருக்குள்ளேயே இறுகும் இருபகுதி எப்பொக்சிக் களிக் குச்சியொன்றைப் படகில் வைத்திருப்பதும் நல்லது. மைத்துனர் இப்போது மரக்கட்டையோடு அதையும் வைத்திருக்கிறார். அது கரைக்கு வந்து சேர்வதற்கு மட்டும். அதன்மேல் வர்ணம் பூசி மறந்துவிடுவதற்கு அன்று.

எங்கள் படகின் பின்புறத்தில், எஞ்சின் பூட்டும் பலகையின் மூலையில், சிலந்திவலை போல ஒரு வெடிப்பு தொடங்கியிருப்பதையும் நானா குற்றியால் தட்டிக் காட்டியிருந்தார். பலகைக்குள் நீர் இறங்கியிருக்கலாம் என்றும், பருவம் முடியும்வரை தாங்கும் என்றும் சொன்னார். ஐப்பசியில் வாடை எழும்பிப் படகு கரையேறியதும் அந்த வேலையையும் அவரிடமே கொடுப்பதாக முடிவுசெய்து, போன வாரம் 3,000 ரூபா முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். இம்முறை பற்றுச்சீட்டு கேட்டு வாங்கினேன். அதன் அடியில், படகின் பதிவு இலக்கத்தை ஓர் எண்ணும் விடாமல் அவர் கையாலேயே எழுதவைத்தேன்.